தரையை மூடும், தின்னவும் தரும்: நம் மலையின் காட்டு ஸ்ட்ராபெரி

மூடாக்கு பற்றிப் பேசாத இயற்கை உழவர் கூட்டம் எதுவும் இல்லை. வைக்கோல் பரப்புகிறோம், கரும்புச் சோகையைப் போடுகிறோம், தென்னை மட்டையை வெட்டி அடுக்குகிறோம். சமவெளியில் இதெல்லாம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் மலையில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பது வேறு. "நாங்க போடற சருகெல்லாம் முதல் மழையிலயே கீழ்த்தோட்டத்துக்குப் போயிடுதுங்க. சரிவுல எதைப் போட்டா நிக்கும்?"

நியாயமான கேள்வி. சரிவில் போட்டது நிற்காது, வேர் விட்டதுதான் நிற்கும். அதாவது உயிர் மூடாக்கு. தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் பிடித்து, மண்ணைப் பாய் போல் மூடும் செடி. ஜப்பானின் ஃபுகோகா நெல்லுக்கும் பார்லிக்கும் அடியில் வெள்ளைக் குளோவரை வளர்த்து இதைத்தான் செய்து காட்டினார். நீலகிரி, பழனி மலை உழவர்கள் குளோவர் விதைக்கு அலைய வேண்டியதில்லை. அந்த வேலையைச் செய்வதோடு ஒரு கைப்பிடிப் பழமும் கொடுக்கிற செடி ஒன்று அங்கேயே இருக்கிறது. காட்டு ஸ்ட்ராபெரி. களை என்று கொத்தி எறிகிறோமே, அதுதான்.

வெறும் மண்ணுக்கு என்ன விலை?

செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் மேல்மண் வெறும் 1 மில்லி மீட்டர் போனால், போனது 4 கன மீட்டர் மண். எடையில் ஏறத்தாழ 4 முதல் 5 டன். ஒரு மில்லி மீட்டர் என்றால் கண்ணுக்கே தெரியாது. "நம்ம தோட்டத்துல மண் ஒண்ணும் போகலியே" என்று சொல்லிக்கொண்டே ஒரு லாரி மண்ணை ஓடைக்கு அனுப்பியிருப்போம்.

போவது ஏதோ அடிமண் அல்ல. மட்கு, நுண்ணுயிர், நாம் ஊற்றிய அமிர்தக்கரைசல், போட்ட தொழுவுரம் எல்லாம் தங்கியிருக்கும் மேல்தோல்தான் முதலில் போகிறது. திரும்ப ஒரு அங்குல மேல்மண் உருவாக இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும்.

எப்படிப் போகிறது என்று பார்த்தால் தீர்வும் தெரியும். பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் தரையில் விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் மண்கட்டி உடைந்து தூளாகிறது. தூள் போய் மண்ணின் துவாரங்களை அடைக்கிறது. பிறகு நீர் உள்ளே இறங்காது, மேலே ஓடும். ஓடும்போது தூளையும் சேர்த்துக்கொண்டு ஓடும். ஆக, துளி தரையைத் தொடுவதற்கு முன் ஒரு இலை அதைத் தாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓடும் நீரைத் தண்டும் வேரும் தடுத்து நிறுத்தினால் மீதிப் பாதியும் தீர்ந்தது. இரண்டையும் செய்ய நெட்டையான செடி தேவையில்லை. அரையடி உயரம் போதும், இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் பல இடங்களில் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நிலச்சரிவைத் தரைமூடிச் செடி தடுக்காது. அதற்கு ஆழ வேர் விடும் மரமும், நீர் வடியும் வழியை மறிக்காத கட்டுமானமும் வேண்டும். தரைமூடி தடுப்பது, ஒவ்வொரு மழையிலும் சத்தமில்லாமல் நடக்கும் மண் அரிப்பை. செய்தித்தாளில் வராத இழப்பு அது. உழவரை ஏழையாக்குவதும் அதுதான்.

நீலகிரி பெயரையே சுமக்கும் செடி

தாவரவியலில் இதன் பெயர் ஃப்ரகேரியா நில்கெரென்சிஸ். 'நீலகிரியைச் சேர்ந்தது' என்றுதான் அதற்குப் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் வைத்த பெயர். நீலகிரி, பழனி மலைகளின் உயரமான பகுதிகளில் சோலை விளிம்பு, புல்வெளி ஓரம், சாலையோர மண்மேடு என்று ஈரமும் வெளிச்சமும் சேர்ந்த இடங்களில் வளரும். நம் மலையோடு முடிந்துவிடும் செடியும் அல்ல. வடகிழக்கு இந்தியா, மியான்மர், சீனாவின் தென்மேற்கு மலைகள், வியட்நாம் வரை இதே இனம் பரவியிருக்கிறது.

கடையில் டப்பாவில் விற்கும் சிவப்பு ஸ்ட்ராபெரி வேறு. அது காட்டில் பிறந்த செடியே அல்ல. 1714-இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் தென்னமெரிக்காவின் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் ஒரு ஸ்ட்ராபெரியைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். கொண்டுபோன செடிகள் பெண் செடிகள் என்பதால் தனியாக நின்று காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்கக் காட்டு ஸ்ட்ராபெரியை நட்டபோதுதான் மகரந்தம் கிடைத்துக் காய்த்தது. அந்த இரண்டும் கலந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுக்க விற்கும் ஸ்ட்ராபெரி. அதைக் கலப்பினம் என்று 1766-இல் எழுதி வைத்தவர் தூஷேன் என்ற இளைஞர்.

இந்தியாவில் அந்தப் பெரிய பழத்துக்குப் பேர் போன ஊர் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர். நம் ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் சிலர் பயிரிடுகிறார்கள். பாத்தி போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, மேலே நெகிழித்தாள் விரித்து, அதில் ஓட்டை போட்டு நடுகிறார்கள். அந்தச் செடிக்குத் தன் காலடி மண்ணைக் காக்கவே நெகிழி வேண்டியிருக்கிறது. காட்டுச் செடியோ தானே மூடாக்காக இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று சந்தைக்கான பயிர், இன்னொன்று மண்ணுக்கான பயிர்.

இதைச் சாதாரணச் செடி என்றும் நினைத்துவிட வேண்டாம். இதன் பழத்துக்குத் தனி மணம் உண்டு. அந்த மணத்துக்காக ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இதே இனத்தைச் சந்தை ஸ்ட்ராபெரியோடு கலந்து 'தோகுன்' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். பீச் பழ வாசம் அடிக்கும் வெளிர்நிற ஸ்ட்ராபெரி அது. இந்த இனம் பல நாட்டு மலைகளில் இருப்பதால், நம்முடையதைக் கொண்டுபோனார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் நாட்டு நெல்லில் நாம் படித்த பாடம் இங்கேயும் பொருந்தும். வீட்டுக்காரன் மதிக்காத விதையை வெளியாள் மதிப்பான். மதித்து, பெயர் வைத்து, பதிவு செய்து, விலை போட்டுத் திரும்ப நம்மிடமே விற்பான். அதற்கு முன் நம் தோட்டத்தில் அது இருக்க வேண்டும்.

எது அசல்?

மலையில் ஸ்ட்ராபெரி மாதிரி தெரியும் செடிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. பூவைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

காட்டு ஸ்ட்ராபெரி: பூ வெள்ளை, ஐந்து இதழ். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை. இலை தடிமனாக, கரும்பச்சையாக, விளிம்பில் பல் பல்லாக இருக்கும். காம்பிலும் ஓடுதண்டிலும் ரோமம் அடர்ந்திருக்கும். பழம் சுண்டுவிரல் நுனி அளவு, உருண்டை. நன்றாகப் பழுத்தாலும் ரத்தச் சிவப்பாக மாறாது. வெள்ளையாகவோ வெளிர் ரோஜா நிறமாகவோ இருக்கும். காயென்று நினைத்து விட்டுவிடுவோம். தொட்டால் மெத்தென்று இருந்து, முகர்ந்தால் வாசம் வந்தால் பழுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொய் ஸ்ட்ராபெரி: பூ மஞ்சள். பழம் பளிச்சென்று சிவப்பாக, மேல் நோக்கி நிற்கும். பார்க்க அழகு. வாயில் போட்டால் ருசியே இருக்காது. நஞ்சு கிடையாது, சும்மா தண்ணீர் மாதிரி இருக்கும். நம் மலைகளில் இதுவும் பரவலாக உண்டு. தரையை மூடும் வேலையை இதுவும் செய்யும். ஆனால் பழத்துக்காக நடுபவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

முள் உள்ள செடி என்றால் அது காட்டு ராஸ்பெரி வகை. இலையும் பழமும் வேறு மாதிரி, புதராக எழும்பும். தரைமூடிக்கு ஆகாது.

நாற்றுக்கு எங்கே போவது?

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு கட்டுரை வந்தவுடன் மண்வெட்டியோடு சோலைக்குள் போகும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. தயவு செய்து வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏற்கெனவே சுருங்கிப்போன சோலையின் விளிம்பைக் கொத்திவிட்டு, நம் தோட்டத்தில் மண் காக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

முதலில் உங்கள் சொந்த நிலத்தைச் சுற்றி வாருங்கள். கொத்தாத ஓரம், தேயிலைக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கும் மேடு, ஓடைக் கரை, பழைய கல்சுவர் இடுக்கு. அங்கே இல்லையென்றால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு அது களை, சந்தோஷமாகக் கொடுப்பார். தாய்ச்செடியைப் பிடுங்க வேண்டியதே இல்லை. வல்லாரையில் பார்த்திருப்பீர்களே, தாய்ச்செடியிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு தரையில் ஓடி, கணுவில் ஒரு குட்டிச்செடி வைத்து, அங்கே வேர் விட்டு, மறுபடி ஓடும். ஸ்ட்ராபெரியும் அதே மாதிரிதான். அந்த ஓடுதண்டில் வேர் பிடித்த குட்டியை மட்டும், இருபுறமும் தண்டை நறுக்கி, ஒரு பிடி மண்ணோடு எடுத்தால் போதும். தாய் அங்கேயே இருக்கும், அடுத்த பருவம் மறுபடி ஓடும்.

வேர் பிடிக்காத குட்டி என்றால், அதன் அடியில் மண்ணும் மட்கும் நிரப்பிய சின்னப் பையை வைத்து, ஒரு கல்லைத் தண்டின் மேல் லேசாக ஏற்றி வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் இறங்கிவிடும். பிறகு தண்டை நறுக்கிவிடலாம்.

சந்தை ஸ்ட்ராபெரி பயிரிட்ட பாத்திக்குப் பக்கத்திலிருந்து குட்டி எடுக்காமல் இருப்பது நல்லது. அங்கே நச்சுயிரி நோய் இருந்தால் அசுவினி மூலம் இதற்கும் தொற்றியிருக்கலாம். களைக்கொல்லி அடித்த சாலையோரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே நடலாம், எங்கே கூடாது

இது குளிர்ந்த மலைச் செடி. தோராயமாக 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் தோட்டங்களுக்கு ஏற்றது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்கள் எல்லாம் இந்த உயரத்துக்கு மேலேதான் இருக்கின்றன. மண் அமிலத்தன்மையாக இருந்தால் கவலை இல்லை, சுண்ணாம்பு போட வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. வேர்க்கழுத்து அழுகிவிடும்.

நல்ல இடங்கள் மூன்று.

முதலாவது, படிக்கட்டு வயலில் மேல் படிக்கும் கீழ்ப் படிக்கும் நடுவில் இருக்கும் மண்சுவர். மழையில் அதிகம் கரைவதும் இதுதான், வருடா வருடம் நாம் கொத்திச் சுத்தம் பண்ணி மேலும் கரைய விடுவதும் இதுதான். சுவரின் மேல் விளிம்பில் ஒரு வரிசை நட்டால் போதும். ஓடுதண்டு தானே கீழே தொங்கி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, பேரி, பிளம்ஸ், பீச் மரங்களுக்கு அடியில். இந்த மரங்கள் இலை உதிர்ப்பவை. இலை இல்லாத மாதங்களில் அடியில் இருக்கும் செடிக்கு முழு வெயில், கோடையில் அரை நிழல். ஸ்ட்ராபெரிக்கு இரண்டும் பிடிக்கும். மரம் இளங்கன்றாக இருந்தால், தண்டைச் சுற்றி இரண்டடி வட்டம் விட்டுவிட்டு, அந்த வட்டத்தில் சருகு மூடாக்கு மட்டும் போடுங்கள். இல்லையென்றால் கன்றோடு நீருக்குப் போட்டி வரும்.

மூன்றாவது, தேயிலைத் தோட்டத்தின் நடைபாதை ஓரம், கவாத்து செய்த செடிகளுக்கு இடையில் திறந்து கிடக்கும் இடம், வெற்றிடங்கள். தேயிலை மறுபடி மூடிக்கொண்டால் அடர் நிழலில் இது மெலிந்துவிடும், அது பரவாயில்லை. மண் திறந்து கிடக்கும் காலத்தில் காப்பதுதான் அதன் வேலை.

கூடாத இடமும் சொல்லிவிடுகிறேன். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போடும் பாத்திக்குள் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கிளறும் இடத்தில் எந்தப் பல்லாண்டுச் செடியும் தரைமூடி ஆகாது. அந்தப் பாத்தியின் வரப்பிலும் கீழ்ச் சரிவிலும் நடுங்கள். பாத்தியில் இருந்து கரைந்து வரும் மண்ணை அங்கே பிடித்து நிறுத்தும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள பாதையின் நடுவிலும் வேண்டாம், மிதி தாங்காது.

நடவு: பத்துச் செடியில் ஆரம்பம்

தரைமூடியில் பலரும் தோற்பது ஒரே காரணத்தால்தான். ஒரே மழையில் ஒரு ஏக்கரை மூடப் பார்ப்பார்கள். செடி சிதறி நிற்கும், நடுவில் களை ஏறும், ஆள் கூலி கட்டுபடியாகாது, விட்டுவிடுவார்கள். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. ஓரடிக்கு ஒன்று நட்டால் 430 நாற்று தேவை. ஏக்கருக்கு என்றால் 43,000-க்கு மேல். அவ்வளவு நாற்றை விலைக்கு வாங்கவும் முடியாது, காட்டிலிருந்து எடுக்கவும் கூடாது. செடியே பெருக்கித் தரட்டும்.

வீட்டுப் பக்கத்தில், தண்ணீர் ஊற்ற வசதியான இடத்தில், 4-க்கு 10 அடியில் ஒரு தாய்ப்பாத்தி போடுங்கள். மண்ணோடு மட்கிய தொழுவுரமும் இலைமட்கும் கலந்து, பத்துத் தாய்ச்செடிகளை இரண்டடி இடைவெளியில் நடுங்கள். நடும்போது இலைகள் கிளம்பும் கழுத்துப் பகுதி மண்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைத்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் காயும். ஜூன் மழை பிடித்ததும் நடுவது மேற்குச் சரிவுக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழையை நம்பும் குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவுகளில் செப்டம்பர் கடைசியிலும் நடலாம்.

முதல் வருடம் பூவைக் கிள்ளிவிட்டால் செடியின் பலம் ஓடுதண்டுக்குப் போகும். மனசு கேட்காதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். அடுத்த மழைக்குள் பத்துச் செடியும் பாத்தியை நிரப்பிவிடும். அங்கிருந்து குட்டிகளை எடுத்து முதலில் ஒரே ஒரு மண்சுவரின் விளிம்பில் நடுங்கள். அது மூடிய பிறகு அடுத்த சுவர். இப்படிப் போனால் இரண்டு, மூன்று வருடத்தில் தோட்டத்தின் சுவர்களெல்லாம் மூடும். செலவு கிட்டத்தட்ட இல்லை.

பழுத்த பழத்தை நசுக்கி, விதையை உலர்த்தியும் விதைக்கலாம். விதை மிகச் சின்னது. மண்ணில் புதைக்காமல் மேலே தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முளைக்க வாரக்கணக்கில் ஆகும். பொறுமை உள்ளவர்களுக்கு அது வழி. மற்றவர்களுக்குக் குட்டிதான் சுலபம்.

கிக்குயு புல்லோடு போட்டி போட விடாதீர்கள்

மலை உழவர்களுக்குக் கிக்குயு புல் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மலையிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட புல். தரையை மூடுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. மண் அரிப்பையும் தடுக்கும். ஆனால் இன்று அது தோட்டத்துக்குள்ளும், நம் மலைப் புல்வெளிக்குள்ளும் புகுந்து, வேறு எதையும் முளைக்க விடுவதில்லை. தரைமூடி தேர்ந்தெடுக்கும்போது 'எவ்வளவு வேகமாகப் படரும்' என்று மட்டும் கேட்டால் கிடைக்கும் பதில் இதுதான். 'வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா' என்றும் கேட்க வேண்டும்.

காட்டு ஸ்ட்ராபெரியை நிறுத்த முடியும். ஒரு கொத்து கொத்தினால் வந்துவிடும், வேர் ஆழமில்லை. அதன் நல்ல குணமும் அதுதான், பலவீனமும் அதுதான். கிக்குயு இருக்கும் இடத்தில் நேராக நட்டால் ஒரே பருவத்தில் காணாமல் போகும். எனவே முதலில் புல்லைக் கிழங்குத்தண்டோடு தோண்டி எடுத்து, பழைய அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று படும்படி விரித்து, மேலே நாலு அங்குலம் சருகு போட்டு, சரிவில் நழுவாமல் இருக்கக் குச்சிகளைக் கிடையாக வைத்து, ஒரு பருவம் விட்டுவிடுங்கள். பிறகு நடுங்கள். நட்ட பிறகும் முதல் வருடம் மூன்று, நான்கு முறை கைக்களை எடுத்தே ஆக வேண்டும். 'நட்டுட்டு மறந்துடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தரை மூடிய பிறகு வேலை குறையும். வருடத்தில் ஒன்றிரண்டு முறை பார்த்தால் போதும்.

மற்ற பராமரிப்பு சொற்பம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத மாதங்களில் புதுச்செடிக்கு வாரம் ஒருமுறையாவது தண்ணீர் காட்டுங்கள். ஊட்டிப் பக்கம் உறைபனியில் இலை கருகினால் பயப்பட வேண்டாம், கழுத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். அமிர்தக்கரைசல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். சத்து அதிகமானால் இலைதான் வரும், பூ குறையும். மழைக்காலத்தில் ஓடில்லா நத்தை பழத்தைத் தின்னும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து வைத்து, காலையில் அடியில் கூடியிருப்பதைப் பொறுக்கி எடுக்கலாம்.

"இதுல என்னங்க வருமானம்?"

நேராகச் சொல்வோம். இந்தப் பழத்தை விற்றுக் கடன் அடைக்க முடியாது. பழம் சின்னது, பறித்தால் சில மணி நேரம்தான் தாங்கும், லாரி ஏறாது. கிலோ கணக்கில் பறிக்க ஆள் கூலியே மிஞ்சிவிடும். யாராவது இதை 'ஏக்கருக்கு லட்சம்' என்று நாற்று விற்க வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வருமானம் வேறு வழியில் இருக்கிறது. ஒன்று, மேலே கணக்குப் போட்டோமே, அந்த நாலைந்து டன் மண். இரண்டு, களை எடுக்கும் கூலி. மூடிய சுவரைக் கொத்த வேண்டியதில்லை. மூன்று, பூ. பழமரம் பூக்கும்போது தரையிலும் பூ இருந்தால் தேனீ அந்தத் தோட்டத்தை விட்டுப் போகாது. நான்கு, வீட்டுப் பிள்ளைகளுக்கும் சின்னான் குருவிக்கும் ஒரு பங்கு பழம். வீட்டளவுக்குச் சேர்ந்தால் நாட்டுச் சர்க்கரை சேர்த்து ஒரு பாட்டில் ஜாம் காய்ச்சலாம்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். பிள்ளை பறித்து வாயில் போடும் செடி இருக்கும் இடத்தில் யாரும் களைக்கொல்லி அடிக்க மாட்டார்கள். வெறும் புல் என்றால் 'ஒரு டேங்க் அடிச்சுட்டா முடிஞ்சுது' என்று கை போகும். தின்கிற செடி என்றால் கை நிற்கும். இயற்கை விவசாயத்துக்கு மாற நினைத்து, களைக்குப் பயந்து தயங்கும் மலை உழவர் வீட்டில், அந்த ஒரு தயக்கமே பாதி மாற்றம். தின்னக்கூடிய தரைமூடி என்பது தோட்டத்துக்குள் நாமே போட்டுக்கொள்ளும் ஒரு நஞ்சில்லா எல்லைக்கோடு.

சமவெளி உழவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு ஈரோட்டிலும் தஞ்சாவூரிலும் ஸ்ட்ராபெரி தேட வேண்டாம். நம் கோடையில் நிற்காது. எடுத்துக்கொள்ள வேண்டியது செடியை அல்ல, அந்த யோசனையை. உங்கள் வரப்பில் ஏற்கெனவே இருப்பதில், படர்வது எது, தின்னக்கூடியது எது, வேண்டாம் என்றால் பிடுங்க முடிவது எது?

தென்னந்தோப்பில் வாய்க்கால் ஓரம் ஈரம் நிற்கும் இடத்துக்கு வல்லாரையும் நாட்டுப் பொன்னாங்கண்ணியும். ஓரளவு ஈரமும் நல்ல வெயிலும் உள்ள இடத்துக்குப் பொடுதலை. லேசான மிதியையும் தாங்கும், துவையலுக்கும் ஆகும். மானாவாரித் தோட்டத்தில் மூக்கிரட்டை, தரையில் விரிந்து, வேரை ஆழமாக இறக்கி வறட்சியைத் தாங்கும். வெயில் காலத்தில் பருப்புக்கீரை. நிழலும் ஈரமும் கலந்த இடத்தில் புளியாரை. இவை எல்லாம் நம் சமையலறைக்குப் பழக்கமானவை, வைத்தியத்துக்கும் பழக்கமானவை. நாற்றுப் பண்ணையில் 'வேகமா மூடும்' என்று விற்கும், மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து உலகின் பல நாடுகளில் தறிகெட்டுப் பரவிய செடி. மலைக்குக் கிக்குயு செய்ததை அது வாய்க்காலுக்குச் செய்யும்.

மலை நண்பர்கள் இந்த மழைக்கு முன் ஒரு வேலை செய்யலாம். தோட்டத்தில் எந்த மண்சுவர் அதிகம் கரைகிறதோ, அதன் அடியில் ஒரு குச்சியை நட்டு, மண்மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். மழை முடிந்ததும் கோட்டுக்கு மேல் எவ்வளவு மண் வந்து குவிந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். பக்கத்தில் ஸ்ட்ராபெரி நட்ட சுவர் ஒன்று இருந்தால் அங்கேயும் ஒரு குச்சி. இரண்டு குச்சிகளும் சொல்வதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூடவே வேர் பிடித்த குட்டி நாலையும் ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தால், பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குத் தாய்ப்பாத்தி போட ஆகும்.